இஸ்பிரீத்து சாந்து முதல் தூய ஆவியார் வரை: சேலம் ஓதும் விசுவாசப் பிரமாணம்

சேலம் அரிசிப்பாளையத்தில் குழந்தை இயேசு பேராலயம் இருக்கிறது. ஞாயிறு திருப்பலியில் மறையுரை முடிந்ததும் அங்கே எல்லோரும் எழுந்து நின்று, விசுவாசப் பிரமாணம் என்னும் நம்பிக்கை அறிக்கையைச் சொல்வார்கள். "விண்ணகத்தையும் மண்ணகத்தையும் படைத்த எல்லாம் வல்ல தந்தையாகிய கடவுளை நம்புகின்றேன்" என்று தொடங்கி "நிலை வாழ்வை நம்புகின்றேன். ஆமென்" என்று முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. நடுவில் "தூய ஆவியாரால் கருவுற்று, தூய கன்னி மரியாவிடமிருந்து பிறந்தார்" என்ற இடத்தில் மட்டும் தலை வணங்க வேண்டும். பலர் மறந்துவிடுவார்கள்.

ஏறக்குறைய அதே நேரத்தில் ஊரிலுள்ள சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டண்டு சபையான தென்னிந்தியத் திருச்சபை) ஆலயங்களில் "சர்வ வல்லமையுள்ள பிதாவாகிய தேவனை விசுவாசிக்கிறேன்" என்று ஓதிக்கொண்டிருப்பார்கள். கத்தோலிக்க வீட்டில் எண்பதைத் தாண்டிய பாட்டி ஒருவர் இருந்தால் இந்த இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவது ஒன்றைச் சொல்வார்: "எல்லாம் வல்ல பிதாவாகிய சர்வேசுரனை விசுவசிக்கிறேன். அவருடைய ஏக சுதனாகிய நம்முடைய நாதர் சேசு கிறீஸ்துவையும் விசுவசிக்கிறேன். இவர் இஸ்பிரீத்து சாந்துவினாலே கர்ப்பமாய் உற்பவித்து..." இஸ்பிரீத்து சாந்து என்பது போர்த்துக்கீசியம். தூய ஆவி என்று பொருள். பொந்தியு பிலாத்து அந்தப் பாட்டிக்குப் 'போஞ்சு பிலாத்து'.

மூன்றும் ஒரே வாசகம்தான். பழைய ரோம் நகரத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற வந்தவரைத் தண்ணீரில் நிறுத்திக் கேட்ட மூன்று கேள்விகளிலிருந்து வளர்ந்தது அது. தந்தையை நம்புகிறாயா, மகனை நம்புகிறாயா, ஆவியை நம்புகிறாயா என்பவையே அந்தக் கேள்விகள். இன்றைய வடிவம் 8-ஆம் நூற்றாண்டு வாக்கில் நிலைபெற்றது. அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம் என்று பெயர் இருந்தாலும் அப்போஸ்தலர் பன்னிருவரும் உட்கார்ந்து எழுதியது அல்ல.

கிறிஸ்தவம் எதை நம்புகிறது என்று யாராவது கேட்டால் இந்த ஒரு நிமிட வாசகத்தைக் கையில் கொடுத்துவிடலாம். சிக்கல் அதற்குப் பிறகுதான் வரும். இதிலுள்ள சொற்களில் பெரும்பாலானவை கிறிஸ்தவம் வருவதற்கு முன்பே தமிழில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தவை. தேவன், ஆவி, பாவம், பாதாளம், மீட்பு ஆகிய ஒவ்வொன்றும் பழைய வீட்டு வாசனையோடுதான் ஆலயத்துக்குள் வந்தன. நம்மூரில் கிறிஸ்தவ நம்பிக்கையைப் பற்றிய குழப்பங்களில் பாதிக்கும் மேல் இந்த வாசனையால் வருபவை. வெளியாட்கள் மட்டும் குழம்புவதில்லை. ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பை முடித்தவர்களும் குழம்புகிறார்கள்.

இந்தச் சொற்களைத் தேடியவர்களில் ஒருவர் இந்தப் பக்கமே வந்து போயிருக்கிறார். மதுரையில் இருந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி 1623-ல் வடக்கே கிளம்பி திருச்சி, சேந்தமங்கலம், சேலம் என்று பயணம் செய்தார். அவருக்கு முன்னால் கடற்கரை மிஷனில், 1578-ல் கொல்லத்தில் அச்சான தமிழ் நூலில், கடவுளுக்குத் 'தம்பிரான்' என்ற சொல் இருந்தது. நொபிலி 'சர்வேசுரன்' என்றார். பிறகு புராட்டஸ்டண்டுகள் வந்தார்கள். ஜெர்மன் மிஷனரி ஃபப்ரீஷியஸ் செய்த பைபிள் மொழிபெயர்ப்பு 'பராபரன்' என்றது. ஹென்றி பவர் என்பவர் தலைமையில் 1871-ல் வந்த வேதாகமம் 'தேவன்' என்றது. சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று எல்லோர் கையிலும் இன்றும் இருப்பது அந்தத் 'தேவன்'தான். 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'கடவுள்' என்றது. கத்தோலிக்கர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 'தேவன்' சற்று வலுக்குறைந்த தேர்வு என்றே தோன்றுகிறது. தமிழில் தேவர் முப்பத்து முக்கோடி. அவர்களுக்கு ஒருமை எழுதினால் கிடைப்பது தேவன். பிரமாணத்தின் முதல் வரி சொல்ல வருவதோ வேறு. பலரில் ஒருவரை அது சொல்லவில்லை, பெரியவர் ஒருவரையும் சொல்லவில்லை. இருப்பது எல்லாவற்றையும் இல்லாமையிலிருந்து உண்டாக்கிய, தாம் எதனாலும் உண்டாகாத ஒருவரைச் சொல்கிறது. உலகம் அவருடைய உடம்பும் அல்ல, அவரிலிருந்து கசிந்ததும் அல்ல. சேர்வராயன் மலையும் அதன் மேல் நிற்கும் காப்பிச் செடியும் நல்லவை, ஆனால் தெய்வம் அல்ல. 'படைத்த' என்ற ஒரு சொல்லில் இவ்வளவும் அடங்கியிருக்கிறது.

மூவொரு கடவுள்

தந்தை, மகன், தூய ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பதே திரித்துவம். மறைக்கல்வி ஆசிரியர் எவரும் தவிர்க்க முடியாத பாடம் இது. பெரும்பாலும் தவறாகச் சொல்லிக்கொடுக்கப்படும் பாடமும் இதுதான். ஏற்காட்டில் வகுப்பெடுப்பவருக்கு உதாரணம் ஜன்னலுக்கு வெளியிலேயே கிடைக்கும். ஏரியில் இருப்பது தண்ணீர், காலையில் இறங்குவது மூடுபனி, கோடை மழையில் விழுவது ஆலங்கட்டி. மூன்றும் தண்ணீர்தானே, திரித்துவமும் அப்படித்தான் என்று முடித்துவிடலாம். பிள்ளைகளும் சட்டென்று தலையாட்டுவார்கள்.

ஆனால் திருச்சபை 3-ஆம் நூற்றாண்டிலேயே தள்ளிவைத்த கருத்து இது. சபெல்லியுஸ் என்பவரின் பெயரால் அதை அழைப்பார்கள். ஒரே கடவுள் மூன்று வேடம் போடுகிறார், தந்தையாக வருகிறார், பிறகு மகனாக வருகிறார், பிறகு ஆவியாக வருகிறார் என்பது அதன் சாரம். தண்ணீர் பனியாக இருக்கும்போது ஆலங்கட்டியாக இருப்பதில்லை. நற்செய்தியிலோ இயேசு யோர்தான் ஆற்றில் திருமுழுக்குப் பெறும்போது மகன் தண்ணீரில் நிற்கிறார், ஆவி புறாவைப்போல் இறங்குகிறார், தந்தையின் குரல் மேலிருந்து கேட்கிறது. மூவரும் ஒரே நேரத்தில் இருக்கிறார்கள். மகன் தந்தையிடம் வேண்டுகிறார். வேடம் என்றால் அவர் தனக்குத்தானே பேசிக்கொண்டதாகிவிடும்.

மும்மூர்த்திகள் என்று சொல்லிவிட்டால் எதிர்ப் பக்கத்துப் பள்ளத்தில் விழ வேண்டும். ஆளுக்கொரு தொழில் என்றால் ஆளுக்கொரு கடவுள் ஆகிவிடும். திரித்துவத்தில் படைப்பு தந்தைக்கும் மீட்பு மகனுக்கும் என்று வேலைப் பங்கீடு கிடையாது. மூவரின் செயலும் ஒன்று, சித்தமும் ஒன்று. வேறுபாடு உறவில் மட்டும்தான். தந்தை பிறப்பிக்கிறார், மகன் பிறக்கிறார், ஆவி புறப்படுகிறார்.

'மூன்று ஆள்கள்' என்ற தமிழும் கொஞ்சம் இடறும். ஆள் என்றதும் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் மூன்று பேர் மனதுக்கு வந்துவிடுகிறார்கள். கிரேக்கத்தில் 'ஹிப்போஸ்டாசிஸ்' என்ற சொல்லை வைத்தவர்களும் இதே தொல்லைப்பட்டார்கள். அப்படியானால் மூன்று கடவுள்கள் ஏன் இல்லை என்று 4-ஆம் நூற்றாண்டிலேயே நீசா நகர ஆயர் கிரகோரியாரிடம் கேள்வி வந்து, அதற்கென்றே அவர் ஒரு பதில் எழுத வேண்டியதாயிற்று.

வெள்ளிப் பட்டறையில் ஒரு கேள்வி

அப்போஸ்தலர் பிரமாணத்தைவிட நீளமான நிசேயா பிரமாணத்தில் ஒரு சொற்றொடர் வரும். கத்தோலிக்க வாசகத்தில் "தந்தையோடு ஒரே பொருளானவர்" என்றும், சி.எஸ்.ஐ. வழக்கில் "ஒரே தன்மையுடையவர்" என்றும் இருக்கும். கிரேக்கத்தில் ஒற்றைச் சொல்: 'ஹோமோஊசியோஸ்'. 325-ஆம் ஆண்டு, இன்று துருக்கியில் இஸ்னிக் என்று அழைக்கப்படும் நிசேயாவில், பேரரசர் கான்ஸ்டண்டைன் கூட்டிய ஆயர்கள் சங்கத்தில் இந்தச் சொல்லுக்காகத்தான் அத்தனை சண்டை. அலெக்சாந்திரியா குரு ஆரியுஸ், மகன் எவ்வளவு உயர்ந்தவரானாலும் படைக்கப்பட்டவர்தான் என்றார். "அவர் இல்லாதிருந்த காலம் ஒன்று உண்டு" என்பது அவர் கட்சியின் வாசகம். சங்கம் மறுத்தது. பின்னால் சமரசம் பேச வந்தவர்கள் 'ஹோமோயூசியோஸ்' என்று வைத்துக்கொள்ளலாமே என்றார்கள். 'ஒத்த பொருளானவர்' என்று அர்த்தம். கிரேக்கத்தில் ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

ஓர் எழுத்துக்கு இவ்வளவு பாடா என்று சிரிப்பவர்களைச் செவ்வாய்ப்பேட்டைக்கு அழைத்துப் போகலாம். கொலுசுப் பட்டறையில் இரண்டு சங்கிலியை ஒரே மேசையில் வைத்தால், ஒன்று வெள்ளி, இன்னொன்று வெள்ளி முலாம் பூசிய வேறு உலோகம் என்று பார்த்த மாத்திரத்தில் எல்லோராலும் சொல்லிவிட முடியாது. மினுமினுப்பும் ஒன்று, வேலைப்பாடும் ஒன்று. உருக்கினால் தெரிந்துவிடும். வெள்ளியைப் 'போன்றது' எவ்வளவு நெருங்கி வந்தாலும் வெள்ளி விலைக்குப் போகாது. ஆரியுசை எதிர்த்த அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுசின் வாதமும் இதற்குக் கிட்டத்தில் வரும். மகன் கடவுளைப் போன்றவர் மட்டுமே என்றால் அவரால் நம்மைக் கடவுளோடு சேர்க்க முடியாது, படைப்பு எதுவும் இன்னொரு படைப்பை மீட்க முடியாது என்று அவர் வாதாடினார்.

இந்த உதாரணத்துக்கும் எல்லை உண்டு. வெள்ளிக் கட்டியை இரண்டாக வெட்டலாம், எடை பிரியும். தந்தைக்கும் மகனுக்கும் இடையில் கடவுள்தன்மை அப்படிப் பங்கு பிரிவதில்லை. திரித்துவத்துக்கு முழுக்கப் பொருந்தும் உதாரணம் என்று ஒன்று இல்லவே இல்லை. நல்ல ஆசிரியர் உதாரணம் சொல்லிவிட்டு, அது எங்கே உடையும் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுவார்.

தமிழ் வாசகங்களில் 'ஒரே பொருள்' 'ஒரே தன்மை'யைவிடச் சற்றுத் துல்லியம். தன்மை என்றால் குணம் என்றும் ஆகிவிடும். குணம் ஒத்திருப்பதை ஆரியுஸ் கட்சியிலேயே பலர் ஒப்புக்கொள்ளத் தயாராக இருந்தார்கள்.

ஆவியைப் பற்றி நிசேயா சங்கம் "தூய ஆவியையும் நம்புகிறோம்" என்பதோடு நிறுத்திக்கொண்டது. 381-ல் கான்ஸ்டாண்டிநோப்பிள் சங்கத்தில்தான் "ஆண்டவரும் உயிர் அளிப்பவரும்" என்ற பகுதி சேர்ந்தது. தந்தையோடும் மகனோடும் ஒன்றாக ஆராதனை பெறுபவர் என்றால் அவர் ஏதோ ஒரு சக்தி அல்ல. இந்த இடத்தில் தமிழ் நமக்கு எதிராக வேலை செய்கிறது. ஆவி அஃறிணை. இட்லிப் பானையிலிருந்து வருவதும் ஆவி, புளியமரத்தில் இருப்பதாகச் சொல்வதும் ஆவி. "ஆவி இறங்கியது" என்று கூட்டங்களில் பேசிப் பேசி, மின்சாரம் பாய்வதைப்போன்ற ஒன்றாகவே பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் கத்தோலிக்கர் 'ஆவியார்' என்று 'ஆர்' விகுதியையும், மற்றவர்கள் 'ஆவியானவர்' என்பதையும் சேர்த்தார்கள். மரியாதைக்காக மட்டும் சேர்த்த விகுதி அல்ல. ஒரு கோட்பாட்டையே அது தாங்கிக்கொண்டிருக்கிறது. கிரேக்கத்தில் 'நெவ்மா' அலிப்பால், எபிரேயத்தில் 'ரூவாஹ்' பெண்பால், லத்தீனில் 'ஸ்பிரித்துஸ்' ஆண்பால். இலக்கணத்தில் இப்படித் தமிழைப்போல் திருத்திக்கொள்ளும் வசதி அவற்றுக்கு இல்லை.

அவதாரம் அல்ல

கடவுளின் மகன் மனிதரானதைச் சொல்லும் "வார்த்தை மனிதர் ஆனார்" என்பதைச் சட்டென்று விளக்க 'அவதாரம்' என்ற சொல் வரும். பழைய கிறிஸ்தவப் பாடல்களிலும் தாராளமாக வரும். பாட்டுக்குச் சரிதான், பாடத்துக்கு ஆகாது. அவதாரம் பல உண்டு, காரியம் முடிந்ததும் கலைந்துவிடும். கிறிஸ்தவம் சொல்வது ஒரே ஒரு முறை, திரும்பப் பெறாத மனிதத்தன்மை. உயிர்த்தெழுந்து விண்ணேற்றம் ஆன பிறகும் இயேசு மனிதராகவே இருக்கிறார், காயத் தழும்புகளோடு. 451-ல் கல்செதோன் சங்கம் இதற்கு நான்கு வேலி போட்டது. கடவுள் இயல்பும் மனித இயல்பும் அவரில் கலவாமல், மாறாமல், பிரியாமல், விலகாமல் ஒரே ஆளில் இருக்கின்றன என்றது. பாலும் காப்பியும் கலந்து மூன்றாவது ஒன்று ஆவதைப்போல் அல்ல. சட்டை போட்டுக்கொண்டதைப்போலவும் அல்ல. பசித்தது, அழுதது, செத்தது எல்லாம் நடிப்பு என்று சொன்னால் கடவுளின் பெருமையைக் காப்பாற்றியதாகத் தோன்றும். ஆனால் திருச்சபை முதன்முதலில் எதிர்க்க வேண்டிவந்த தவறான போதனைகளில் அதுவும் ஒன்று.

மரியாவை 'கடவுளின் தாய்' என்பது இதிலிருந்து வருகிறது. 431-ல் எபேசு சங்கம் அதை உறுதிசெய்தது. கடவுள்தன்மை மரியாவிடமிருந்து தொடங்கியது என்று யாரும் சொல்லவில்லை. அவர் பெற்ற குழந்தை யார் என்பதுதான் கேள்வி. சி.எஸ்.ஐ.யும் இதை மறுப்பதில்லை. 1854-ல் அறிவிக்கப்பட்ட அமல உற்பவமும் (மரியா பாவமின்றிக் கருவில் உருவானார் என்பது), 1950-ல் அறிவிக்கப்பட்ட விண்ணேற்பும் (அவர் உடலோடு விண்ணகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார் என்பது) கத்தோலிக்கருக்கு மட்டும் உரிய விசுவாச சத்தியங்கள். காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்துபோய் மொட்டை போட்டுக்கொள்வது பக்தி வழக்கம், கோட்பாடு அல்ல. இந்த மூன்றையும் ஒரே கூடையில் போட்டுத்தான் வீட்டு விவாதங்கள் சூடாகின்றன.

பிரமாணத்தில் மரியாவுக்கு அடுத்து வரும் மனிதப் பெயர் பிலாத்து. ஒரு ரோம அதிகாரிக்கு ஞாயிறுதோறும் உலகம் முழுக்க இந்த இடம் எதற்கு? தேதி போடத்தான். பிலாத்து கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்டவர். அவர் பெயர் பொறித்த கல்வெட்டு 1961-ல் செசரியாவில் கிடைத்தது. நடந்தது புராண காலத்தில் அல்ல, இன்ன அதிகாரியின் ஆட்சியில், இன்ன நாட்டில் என்று பிரமாணம் ஆணி அடித்துச் சொல்கிறது.

அடகும் மீட்பும்

பாவம் என்ற சொல்லைத் தமிழில் பரிதாபத்துக்கும் பயன்படுத்துகிறோம். "ஐயோ பாவம்" என்கிறோம். விதியை நொந்துகொள்ளும்போதும் அதே சொல். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லான 'ஹமர்தியா'வின் வேர்ப்பொருள் குறி தவறுதல். பழைய ஞானோபதேசப் புத்தகங்கள் இதைச் சென்மப் பாவம், கர்மப் பாவம் என்று பிரித்தன. ஒருவர் தாமே செய்யும் கர்மப் பாவத்தைச் சாவான பாவம், அற்பப் பாவம் என்று மேலும் பிரித்தன. பிரிவு சரி, பெயர்தான் வம்பு. சென்மப் பாவம் என்றதும் போன சென்மத்தில் செய்தது என்றே கேட்பவர் எடுத்துக்கொள்வார். கிறிஸ்தவத்துக்கு முற்பிறவியே கிடையாது. மனித குலம் மொத்தமும் கடவுளிடமிருந்து முறிந்த நிலையில் பிறக்கிறது என்பது மட்டுமே இதன் பொருள். இப்போது கத்தோலிக்கர் 'பிறப்புநிலைப் பாவம்' என்று மாற்றிக்கொண்டது நல்லதாயிற்று.

இதற்கு மாற்று மீட்பு. சேலத்துக் கடைத்தெருவில் மீட்பு என்றால் நகையை அடகுக் கடையிலிருந்து எடுப்பது. வட்டியும் முதலும் கட்டாமல் நகை வராது. பைபிளும் கிட்டத்தட்ட இதே உவமையைத்தான் கையாள்கிறது. இயேசு தம் உயிரைப் பலருக்கு ஈடாகக் கொடுத்தார் என்கிறது. இந்த உவமையைக் கொஞ்சம் தூரம் கொண்டுபோனால், பணம் யாரிடம் கட்டப்பட்டது என்ற கேள்வி வரும். சாத்தானிடமா? அவனுக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது? தந்தையிடமா? அவர் நம்மை அடகு பிடித்து வைத்திருக்கவில்லையே! நாசியான்சு நகரத்து இன்னொரு கிரகோரியார் 4-ஆம் நூற்றாண்டிலேயே இப்படிக் கேட்டு இரண்டையும் தள்ளினார். சிலுவை நம்மை மீட்டது என்பது எல்லோரும் ஏற்பது. அது எப்படி வேலை செய்தது என்று எந்தப் பொதுச்சங்கமும் ஒரே விளக்கத்தை விதிக்கவில்லை. 11-ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் அன்செல்ம் கடவுளின் மகிமைக்குச் செய்த ஈடு என்று விளக்கினார். சீர்திருத்தச் சபைகள் நமக்கு வரவேண்டிய தண்டனையை அவர் ஏற்றார் என்றன. கிழக்குச் சபைகள் சாவை வென்றதையே முன்வைத்தன. நம்மூர் சுவிசேஷக் கூட்டங்களில் தண்டனை விளக்கம் ஒன்றே கிறிஸ்தவம் என்பதுபோல் ஒலிக்கிறது. அது பல விளக்கங்களில் ஒன்று, அவ்வளவுதான்.

அந்த மீட்பு மனிதரிடம் வந்து சேர்வது அருளால். புராட்டஸ்டண்டுகள் கிருபை என்பார்கள். பழைய கத்தோலிக்கத் தமிழ் அதை 'தேவ இஷ்டப்பிரசாதம்' என்றது. சம்பாதிப்பது அல்ல, கொடுக்கப்படுவது என்ற அளவில் பிரசாதம் அருமையான சொல். 16-ஆம் நூற்றாண்டில் மேற்குச் சபை உடைந்ததற்கு முக்கியக் காரணம் இந்த அருளும் நற்செயலும் பற்றிய தகராறு. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லுத்தரன் உலகச் சம்மேளனமும் கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டு, நாம் ஏற்றுக்கொள்ளப்படுவது நம் தகுதியால் அல்ல, கிறிஸ்துவை நம்பும் விசுவாசத்தில் அருளால் மட்டுமே என்று ஒத்துக்கொண்டார்கள். மெதடிஸ்டுகள் 2006-ல் சேர்ந்தார்கள். அறிக்கை வந்து கால் நூற்றாண்டு கடந்தும் "அவங்க நற்செயலால மோட்சம் போகலாம்னு நம்புறவங்க" என்ற பேச்சு மட்டும் ஓயவில்லை.

பிரசாதம் என்ற சொல் இன்னொரு இடத்தில் நிஜமாகவே தொல்லை தரும். திருவிழாத் திருப்பலிக்கு வரும் பிற சமயத்தார், வரிசையில் நிற்பதைப் பார்த்துத் தாங்களும் நின்று அப்பத்தைக் கையில் வாங்கி, வீட்டுப் பூஜை அறையில் வைக்கலாம் என்று கைக்குட்டையில் முடிந்துகொள்வதுண்டு. பக்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கத்தோலிக்கருக்கு அது நற்கருணை, பொருளளவில் கிறிஸ்துவின் உடலாக மாறியது. வடிவம், சுவை, நிறம் மட்டும் அப்பத்தினுடையவை. அதனால் வாங்கியவர் அங்கேயே உட்கொள்கிறாரா என்று கொடுப்பவர் பார்த்துக்கொண்டே நிற்பார். முடிந்துகொண்டது தெரிந்தால் ஒருவர் பின்னால் போய் மெதுவாகக் கேட்டு வாங்கிவிடுவார். சீர்திருத்தச் சபைகள் கிறிஸ்துவின் பிரசன்னத்தைப் பலவிதமாக விளங்கிக்கொள்கின்றன. சீர்திருத்தத் தலைவர்களில் லுத்தர் அப்பத்தோடு உடலும் உண்டு என்றார். கால்வின் ஆவியின் வழியாக என்றார். சுவிங்ளி நினைவுகூர்தல் என்றார். சேலத்து சி.எஸ்.ஐ.யின் பெரும் பகுதி லண்டன் மிஷன் வழி வந்தது. அந்த மிஷன் 1827-ல் இங்கே வேலை தொடங்கியது. ஒவ்வொரு சபையும் தன்னைத்தானே நடத்திக்கொள்ளும் அதன் காங்கிரிகேஷனல் மரபு பிரமாணத்தைக்கூட கட்டாயமாக்கத் தயங்கிய ஒன்று. 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளோடு இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, அப்போஸ்தலர் பிரமாணத்தையும் நிசேயா பிரமாணத்தையும் அது சேர்ந்து ஏற்றது.

அப்பம் எதில் செய்வது என்பதும் கத்தோலிக்கருக்குச் சட்டம். திருச்சபைச் சட்டம் 924-இன்படி கோதுமை மட்டும்தான். மேற்குச் சபையில் புளிப்பும் சேர்க்கக் கூடாது. மரவள்ளியும் ஜவ்வரிசியும் இந்த ஊர் விளைச்சல், அரிசி நம் சோறு, ஆனாலும் இவற்றால் செய்த அப்பத்தில் திருப்பலி செல்லாது. கோதுமைப் பசை (குளூட்டன்) ஒவ்வாதவர்களுக்கு அது மிகக் குறைவாக உள்ள அப்பம் அனுமதி, அறவே இல்லாதது அனுமதி இல்லை. அவர்கள் திராட்சை இரசத்தை மட்டும் பருகலாம், அதுவும் முழு நற்கருணைதான்.

திருமுழுக்குக்கு இதைவிடக் குறைவான பொருளே போதும். தண்ணீரும் வாசகமும் இருந்தால் சரி. மூன்று முறை ஊற்றுவார்கள், அல்லது மூழ்கச் செய்வார்கள். தண்ணீர் தலைமுடியை நனைத்தால் போதாது, தோலில் ஓட வேண்டும். குழந்தைக்கு அடர்ந்த முடி என்றால் நெற்றியில் ஊற்றுவது பாதுகாப்பு. "தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்" என்பதில் ஒரு சொல்லையும் அலங்காரத்துக்காக மாற்றக் கூடாது. பெற்றோரையும் ஊராரையும் சேர்த்துக்கொள்ளும் ஆசையில் 'நான்' என்பதை 'நாங்கள்' என்று மாற்றிக் கொடுத்த திருமுழுக்கு செல்லாது என்று வத்திக்கான் 2020-ல் அறிவித்தது. உயிர் போகும் நிலையில் உள்ள குழந்தைக்கு யாரும் கொடுக்கலாம். மருத்துவமனையில் பக்கத்தில் இருக்கும் இந்துச் செவிலியர்கூட, திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணத்தோடு இதே வாசகத்தைச் சொல்லி ஊற்றினால் செல்லும். தண்ணீரும் மூவர் பெயரும் சரியாக இருந்த சி.எஸ்.ஐ. ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கர் ஏற்கிறார்கள், மறுபடி கொடுப்பதில்லை. "இயேசுவின் நாமத்தில் மட்டும்" கொடுக்கும் குழுக்களின் ஞானஸ்நானத்தை இரு தரப்பும் ஏற்பதில்லை. சபை விட்டுச் சபை நடக்கும் கலப்புத் திருமணத்துக்கு ஓலை எழுதும்போது சான்றிதழ் கேட்பது இதற்காகத்தான். ஊரில் பலர் நினைப்பதுபோல் அது சாதி பார்க்கிற வேலை அல்ல.

மண்ணும் உடலும்

"பாதாளத்தில் இறங்கினார்" என்ற வரியில் தமிழ் ஆங்கிலத்தைவிட நன்றாகச் செய்திருக்கிறது. பழைய ஆங்கில வாசகத்தில் நரகத்துக்குரிய சொல்லே அங்கே நிற்பதால், இயேசு நரகத்துக்குப் போனாரா என்று ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகள் கேட்பார்கள். மூலம் சொல்வது இறந்தோர் எல்லோரும் இருக்கும் கீழுலகம், எபிரேயத்தில் 'ஷியோல்'. சாவு எவ்வளவு ஆழமோ அவ்வளவு ஆழமும் அவர் போனார் என்பதே பொருள். தமிழ்ப் பாதாளம் அதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

வெள்ளி மாலை இறந்தவர் ஞாயிறு காலை எழுந்தால் மூன்று நாள் எப்படி என்ற கேள்வி நம் வீடுகளில் எழவே வேண்டியதில்லை. இறந்த நாளையும் சேர்த்து மூன்றாம் நாள், பதினாறாம் நாள் என்று எண்ணும் வழக்கம் நமக்கே உண்டு. யூதர்களும் அப்படித்தான் எண்ணினார்கள்.

ஆங்கில ஆராதனைக்குப் போகும் சி.எஸ்.ஐ. பிள்ளைகள் இன்னொன்றும் கேட்பார்கள். நாம் ஏன் 'கத்தோலிக்' சபையை நம்புகிறோம் என்று சொல்ல வேண்டும்? கத்தோலிக் என்ற கிரேக்கச் சொல்லுக்கு எங்கும் பரந்தது என்று பொருள். தமிழில் அவர்கள் 'பொதுச்சபை' என்று சொல்லிவிடுகிறார்கள். புனிதர்களின் சமூக உறவு என்பதற்குப் பாட்டி சொல்லும் 'சமுதீதப் பிரயோசனம்' வாயில் நுழையாது. ஆனாலும் உயிரோடிருப்பவரும் இறந்தவரும் ஒருவரால் ஒருவர் பயன்பெறுவது என்ற கருத்தை அது இன்றைய சொல்லைவிடத் தெளிவாகச் சொல்கிறது.

கடைசியாக உடலின் உயிர்ப்பு. கிறிஸ்தவர்களே அதிகம் கோட்டைவிடும் வரி. "ஆத்துமா பரலோகம் போயிடுச்சு" என்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். ஆத்துமா அழியாது என்பது பிளேட்டோவும் சொன்னதுதான். பிரமாணம் சொல்வது சரீரம் உயிர்த்தெழுதல். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15-ஆம் அதிகாரத்தில் இதற்கு விதையை உவமை காட்டுகிறார். விதைத்ததும் முளைத்ததும் ஒன்றுதான், ஆனாலும் வேறு. பழைய கல்லறைகளில் தலையை மேற்கே வைத்து, எழும்போது கிழக்கைப் பார்க்கும்படி புதைத்தது இந்த நம்பிக்கையால்தான். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் சேலத்துக் கல்லறைத் தோட்டங்களில் சுண்ணாம்பு அடித்து, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுவதற்கும் அடியில் இருப்பது இதுதான்.

இடப் பற்றாக்குறையால் எரியூட்டல் பற்றி இப்போது அடிக்கடி கேட்கிறார்கள். உயிர்ப்பை மறுக்கும் நோக்கம் இல்லாவிட்டால் எரிக்கலாம் என்று கத்தோலிக்கத் திருச்சபை 1963-லேயே அனுமதித்துவிட்டது. கட்டுப்பாடு சாம்பலுக்குத்தான். 2016-ல் வந்த வத்திக்கான் அறிவுரையின்படி அதைக் கல்லறையிலோ ஆலயத்திலோ ஒதுக்கிய புனித இடத்தில் வைக்க வேண்டும். வீட்டு அலமாரியில் வைப்பதும், குடும்பத்தார் பங்கு பிரித்துக்கொள்வதும், மேட்டூரிலோ பவானிக் கூடுதுறையிலோ ஆற்றில் கரைப்பதும் கூடாது. ஆற்றில் கரைப்பதில் அசுத்தம் எதுவும் இல்லை. இவருக்கென்று ஓர் இடம், இவருக்கென்று ஒரு பெயர் என்பது அழிந்துவிடுகிறது, அதுதான் தடைக்குக் காரணம். அப்படிக் கரைத்துவிட்டால் உயிர்ப்பில் அவர் எழமாட்டாரா என்று கேட்பவர்களுக்குப் பதில், எழுவார். கடலில் மூழ்கியவரும் தீயில் வெந்தவரும் எழுவார்கள் என்றுதான் திருச்சபை ஆதியிலிருந்து நம்புகிறது. தடை சாம்பலைக் கையாளுகிற நமக்கு, அவரை எழுப்பப் போகிறவருக்கு அல்ல.